நூல்களைப் பெண்கள் எழுதியிருந்தால்

1274ஆம் ஆண்டு லியோன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், இருமுறை மணம் செய்துகொண்ட திருநிலையினருக்கு (குருக்களுக்குக் கீழ்நிலையில், மணம் செய்துகொள்ள அனுமதி பெற்றிருந்த திருச்சபைப் பணியாளர்களுக்கு) அதுவரை இருந்துவந்த சலுகைகளை நீக்கியது. ஒருமுறையே மணந்தவராயினும், மணந்தது ஒரு கைம்பெண்ணை என்றால், திருச்சபைச் சட்டத்தின் கணக்கில் அவரும் இருமுறை மணந்தவரே. வடக்குப் பிரான்சில் பூலோஞ் வட்டாரத்தில் வாழ்ந்த மத்தேயு என்ற திருநிலையினர் இந்தச் சட்டத்தில் சிக்கிக்கொண்டவர்களுள் ஒருவர். பெத்ரா என்ற கைம்பெண்ணின் அழகில் மயங்கி அவளை மணந்திருந்த அவருக்குப் பதவி போயிற்று. படித்தவர்கள் நடுவே இருந்த மதிப்பும் போயிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவர் இலத்தீனில் ஒரு நீண்ட புலம்பல் நூலை எழுதி, தம் வாழ்வு சீரழிந்ததற்காக மனைவியையும், மனைவியைச் சாக்காக வைத்து உலகத்துப் பெண்கள் எல்லோரையும் வைது தீர்த்தார். மத்தேயோலுஸ் என்ற பெயரில் அறியப்பட்ட அவருடைய நூல் அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. தண்டித்தது சட்டம், வசவு வாங்கியவள் பெத்ரா.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் அந்த நூலைக் கையில் எடுத்த ஒரு பெண், அதைப் படித்துத் தாம் அடைந்த துயரத்தை 1405ஆம் ஆண்டில் எழுதிய தம்முடைய நூலின் முதல் பக்கங்களில் விவரித்திருக்கிறார். அவர் கிறிஸ்தீன் த பிசான். மத்தேயோலுஸின் நூல் தரம் தாழ்ந்தது என்பதைப் பார்த்த உடனேயே அவர் கண்டுகொண்டார். அவரை வதைத்தது வேறொன்று. இந்த அற்ப நூல் சொல்வதையேதான் மெய்யியலாளர்களும் கவிஞர்களும் மறைநூல் அறிஞர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இத்தனை பெரியவர்கள் எப்படி ஒருசேரத் தவறியிருக்க முடியும்? தமக்குத் தெரிந்த பெண்கள் யாரும் அப்படி இல்லை என்பதை அறிந்திருந்தும், தம் அனுபவத்தை நம்பாமல் நூல்களை நம்பி, தம்மை ஏன் ஆணாகப் படைக்கவில்லை என்று கடவுளிடம் அவர் அழுகிறார். அறிவுள்ள ஒருவர் தம் கண்ணால் கண்டதைவிட ஏட்டில் இருப்பதையே பெரிதென்று எண்ணும்படி ஆக்கப்பட்ட அந்த நிலைதான், ஐரோப்பிய இடைக்காலம் பெண்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களிலேயே மிகக் கொடியது என்று நான் கருதுகிறேன்.

அந்த ஒரே குரல் எங்கிருந்து வந்தது? கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், விலங்குகளின் பிறப்பைப் பற்றிய நூலில், பெண்ணை ஒருவகையில் குறைப்பட்ட ஆண் என்றார். கருவுக்கு வடிவத்தைத் தருவது ஆணின் வித்து. பெண் தருவது அதற்கு வேண்டிய பொருளை மட்டுமே என்பது அவருடைய கொள்கை. 'அரசியல்' நூலில், சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றல் அடிமையிடம் அறவே இல்லை என்றும், பெண்ணிடம் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்றும் வகுத்தார். அதே இடத்தில், மௌனமே பெண்ணுக்கு அணி என்ற சோஃபக்ளீசின் வரியையும் சான்றாகக் காட்டினார். அந்த வரி 'ஏயாஸ்' நாடகத்தில் வருகிறது. நள்ளிரவில் யாரும் அழைக்காமலே வாளெடுத்துப் புறப்படும் கிரேக்க வீரன் ஏயாஸிடம், எங்கே போகிறீர்கள் என்று அவனோடு வாழும் தெக்மெஸ்ஸா கேட்கிறாள். பெண்ணே, வாயை மூடு என்ற பொருளில் அவன் அந்தச் சொற்களை வீசிவிட்டு வெளியேறி, பகைவர்கள் என்று மயங்கிக் கால்நடைகளை வெட்டிக் குவிக்கிறான். கேள்வி கேட்டவள் தெளிந்த அறிவோடு இருந்தாள். அடக்கியவன் சித்தம் கலங்கியிருந்தான். சித்தம் கலங்கியவன் சொன்னதைத் தத்துவம் பொது விதியாக எடுத்துக்கொண்டது.

பிளேட்டோவிடம் வேறொரு வழி இருந்தது. 'குடியரசு' நூலில், நாட்டைக் காக்கும் இயல்பு பெண்ணுக்கும் உண்டு, ஆகவே அவளுக்கும் ஆணுக்குத் தரும் கல்வியையே தரவேண்டும் என்று அவர் வாதிட்டார். அவரே 'திமேயஸ்' நூலில், நேர்மையாக வாழாத ஆண்கள் அடுத்த பிறவியில் பெண்களாகப் பிறப்பார்கள் என்றும் எழுதினார். இலத்தீன் ஐரோப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது பிளேட்டோதான். கல்கீடியஸ் இலத்தீனில் மொழிபெயர்த்த 'திமேயஸ்' பகுதி நூற்றாண்டுக் கணக்கில் படிக்கப்பட்டது. 'குடியரசு' அந்த நூற்றாண்டுகளில் முழுமையாகக் கிடைக்கவே இல்லை. எந்த நூல் தப்பிப் பிழைக்கிறது என்பதிலும் பெண்களின் கதி அடங்கியிருந்தது.

1255ஆம் ஆண்டில் பாரிஸ் பல்கலைக்கழகக் கலைப்புலம் அரிஸ்டாட்டிலின் நூல்களைப் பாடத்திட்டத்தில் வைத்தது. மாணவர்கள் எல்லோரும் திருநிலையினர் என்ற தகுதியில் சேர்ந்தவர்கள் என்பதால், அங்கே பெண்களுக்கு இடமில்லை. அந்தச் சூழலில்தான் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், படைப்பின் தொடக்கத்தில் பெண்ணைப் படைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியைத் தம் 'இறையியல் தொகுப்பில்' எழுப்பினார். தனிப்பட்ட இயற்கையின் நோக்கில் பெண் குறைபாடுள்ளவள், முழு இயற்கையின் நோக்கில் இனப்பெருக்கத்துக்காகத் திட்டமிட்டே படைக்கப்பட்டவள் என்பது அவருடைய விடை. ஆணின் தலையிலிருந்து படைக்கப்படாததால் அவள் ஆணை ஆளக்கூடாது, காலிலிருந்து படைக்கப்படாததால் அவளை அடிமையாக இழிவுபடுத்தவும் கூடாது என்றும் எழுதினார். அக்குவினாஸைப் பெண்வெறுப்பாளர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஆனால் இத்தனை நிதானமான மனிதரும், பெண் ஏன் இருக்கிறாள் என்பதை விளக்கம் தேவைப்படும் ஒரு சிக்கலாகத்தான் பார்த்தார். ஆண் ஏன் இருக்கிறான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சமயத்தின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆண் என்றும் பெண் என்றும் இல்லை, எல்லோரும் கிறிஸ்துவில் ஒன்றே என்று கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் இருக்கிறது. சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதியதில் இருக்கிறது. தொடக்கக் காலத் திருச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் பெண்ணைச் சாத்தானின் வாசல் என்றார். மணவாழ்வு கன்னிமைக்குத் தாழ்ந்ததன்று என்று வாதிட்ட யோவினியானுஸை 393ஆம் ஆண்டில் மறுத்து எழுதிய புனித ஜெரோம், அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ் எழுதியதாகச் சொல்லி ஒரு பகுதியை மேற்கோள் காட்டினார். குதிரை, கழுதை, மாடு, கொப்பரை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம், மனைவியை மட்டும் மணப்பதற்கு முன் காட்டுவதில்லை என்று அது அங்கலாய்க்கிறது. இதே ஜெரோம் பவுலா, மர்செல்லா போன்ற உரோமைப் பெண்களோடு மறைநூலை ஆராய்ந்தவர். பவுலாவுக்கு எபிரேயம் கற்பித்தவர். தம் விரிவுரைகள் பலவற்றைப் பவுலாவுக்கும் அவருடைய மகளுக்கும் உரிமையாக்கியவர். பெண்ணறிவை நேரில் கண்டு மதித்த அவருடைய எழுத்துகளிலிருந்து பிற்காலத்தவர் விரும்பி எடுத்துக்கொண்டது கொப்பரையைத்தான். 1139ஆம் ஆண்டில் இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என்று அறிவித்த பிறகு, மணவாழ்வை இகழும் இத்தகைய பகுதிகளுக்குத் தேவை பெருகியது. இலத்தீன் பயிலும் மாணவர்கள் அவற்றைப் படித்தே வளர்ந்தார்கள். மத்தேயோலுஸின் வசவுகளும் அவர் அடுப்படியில் பிறந்தவை அல்ல, பள்ளியிலிருந்து வந்தவை.

அந்தப் பள்ளிப்பாடத்தைப் பெண்ணொருத்தி கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 12ஆம் நூற்றாண்டின் எலோயீஸ் சான்று. பாரிஸ் மெய்யியலாளர் அபெலாருடன் அவர் கொண்ட காதலைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. என்னை அதிகம் ஈர்ப்பது, பாராக்லீத் மடத்தின் தலைவியான பிறகு அவர் அபெலாருக்கு எழுதிய ஒரு கடிதம். அக்காலத் துறவியர் பெரும்பாலும் பின்பற்றிய புனித பெனடிக்டின் ஒழுங்கு ஆண்களுக்காக மட்டுமே எழுதப்பட்டது. தோலை ஒட்டிக் கம்பளி உடுத்த வேண்டும் என்ற விதியை மாதவிலக்குக் காலத்தில் பெண்கள் எப்படிக் கடைப்பிடிப்பது, மடத்தலைவர் விருந்தினரோடு உணவருந்த வேண்டும் என்பதை ஒரு மடத்தலைவி ஆண் விருந்தினரோடு எப்படிச் செய்வது என்று அவர் கேட்கிறார். எங்களுக்கென்று ஓர் ஒழுங்கை எழுதித் தாருங்கள் என்பது அவருடைய கோரிக்கை. பெண் குறைப்பட்ட ஆணா இல்லையா என்று ஆண்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், தன் உடலைத் தானே அறிந்த ஒருத்தி, உங்கள் சட்டத்தில் நாங்கள் இல்லை என்று எழுதினாள். அபெலார் ஓர் ஒழுங்கை எழுதியும் அனுப்பினார்.

இவற்றுக்கெல்லாம் மாற்றாக எழுந்தது என்று நைட்டுகள் எனப்பட்ட குதிரைவீரர்களின் வீரமரபைப் போற்றுவது வழக்கம். தத்துவமும் மடங்களும் பெண்ணை இகழ்ந்தன, அரசவையும் காதல் கவிதையும் அவளை உயர்த்தின என்ற கதையை நானும் இளவயதில் விரும்பி நம்பினேன். மூல நூல்களைப் படித்தபோது அந்தக் கதை நிற்கவில்லை.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஷம்பாஞ்ஞைச் சேர்ந்த சீமாட்டி மரீயின் ஆதரவில் கிரெத்தியன் த த்ருவா எழுதிய லான்சலாட் காவியத்தில், ஆர்தர் மன்னரின் லோக்ர் நாட்டின் வழக்கம் ஒன்று சொல்லப்படுகிறது. தனியே செல்லும் இளம்பெண்ணை வழியில் காணும் நைட், தன் கழுத்தையே அறுத்துக்கொண்டாலும் அறுத்துக்கொள்ளலாம், அவளுடைய மானத்துக்குத் தீங்கு செய்யக்கூடாது. ஆனால் அவள் வேறொரு நைட்டின் துணையோடு செல்கிறாள் என்றால், அவனோடு போரிட்டு வென்றபின் அவளைத் தன் விருப்பம்போல் நடத்தலாம். அதில் பழியும் இல்லை, வெட்கமும் இல்லை. தனித்திருப்பவளைக் காப்பாற்றும் அறமும், வென்றவனிடம் அவளை ஒப்படைக்கும் விதியும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இரண்டிலும் அவள் என்ன விரும்புகிறாள் என்ற கேள்வி இல்லை.

அதே காலத்தில் ஆந்திரேயாஸ் காப்பெல்லானுஸ் எழுதிய காதல் நூல் இன்னும் வெளிப்படையானது. சீமாட்டிகளிடம் எப்படிப் பணிந்து பேச வேண்டும், எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கற்பிக்கும் அந்த நூல், உழவர்குலப் பெண்மீது ஆசை வந்தால் அவளைப் புகழ்ந்து பேசி, வாய்ப்பான இடம் கிடைத்ததும் சிறிது வலிமையைப் பயன்படுத்தி அடைந்துகொள்ளத் தயங்காதே என்கிறது. வீரமரபின் பணிவு குலத்தைப் பார்த்துக் கிடைத்த பணிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்நூலின் மூன்றாம் பகுதியோ அதுவரை சொன்னதைத் தலைகீழாக்கி, பெண்கள் எல்லோரும் பேராசைக்காரிகள், பொய்யர்கள், புறங்கூறுபவர்கள் என்று ஜெரோமின் தொனிக்குத் திரும்பிவிடுகிறது. முதலிரு பகுதிகளின் துதியையும் மூன்றாம் பகுதியின் இகழ்ச்சியையும் எழுதியது ஒரே கை. துதி என்பது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டதாகத் தோன்றினாலும், அதைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உள்ள உரிமை எழுதியவனிடமே இருந்தது.

'ரோஜாக் காவியத்தின்' வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1230ஆம் ஆண்டளவில் கியோம் த லோரிஸ், ஒரு தோட்டத்து ரோஜா மொட்டின்மீது காதல் கொண்ட இளைஞனின் கனவாக அதைத் தொடங்கினார். ஏறத்தாழ 4,000 வரிகளோடு அது நின்றுபோயிற்று. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் ழான் த மேன் என்ற பாரிஸ் அறிஞர் 17,000க்கும் மேற்பட்ட வரிகளைச் சேர்த்து அதை முடித்தார். அவருடைய பகுதியில் ஒரு பொறாமைக்காரக் கணவன், பெண்கள் எல்லோரும் செயலாலோ எண்ணத்தாலோ வேசிகளே என்று முழங்குகிறான். இறுதியில் கோட்டை தகர்க்கப்பட்டு ரோஜா பறிக்கப்படுகிறது. தொழுதலில் தொடங்கிய கவிதை கைப்பற்றுதலில் முடிந்ததைக் கண்டு படித்தவர்கள் அதிர்ச்சி அடையவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் அதைக் கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டத்துக்கு எதிராக எழுந்து நின்றவர் கிறிஸ்தீன். 1364ஆம் ஆண்டளவில் வெனிஸில் பிறந்து, பிரெஞ்சு அரசர் ஐந்தாம் சார்லஸின் சோதிடராகப் பணியாற்றிய தந்தையோடு பாரிஸுக்கு வந்தவர். 15 வயதில் திருமணம். 25 வயதில் கைம்மை. மூன்று குழந்தைகளையும் தாயையும் காக்க வேண்டிய நிலையில், கணவரின் சொத்துக்காகவும் நிலுவைக்காகவும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் அலைந்தார். ஆண்கள் தங்கள் வரவுசெலவை மனைவியரிடம் சொல்லாத வழக்கத்தால் விளைந்த கேடு இது என்று அவரே எழுதியிருக்கிறார். கைம்பெண்களைக் காப்பதற்கென்று தளபதி பூசிக்கோ 13 நைட்டுகளைக் கொண்ட ஓர் அணியை அமைத்த காலம் அது. கிறிஸ்தீன் அதைப் பாராட்டினார். ஆனால் அவருடைய குடும்பத்துக்குச் சோறு போட்டது அவர் பேனாதான்.

1399ஆம் ஆண்டில், காதல் கடவுள் எழுதும் கடிதமாக அவர் அமைத்த கவிதையில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. பெண்கள் எளிதில் மயங்கும் மனத்தினர் என்றால், அவர்களை வெல்ல உரோமைக் கவிஞர் ஓவிடும் ழான் த மேனும் இத்தனை சூழ்ச்சிகளைக் கற்பிப்பது ஏன்? பலவீனமான கோட்டையைப் பிடிக்கப் பெரும்படை எதற்கு? அடுத்த வாதம் இன்னும் ஆழமானது: நூல்களைப் பெண்கள் எழுதியிருந்தால் செய்தி வேறாக இருந்திருக்கும். அதுவரை பெண்ணுக்கு ஆதரவாக எழுதியவர்கள் நல்ல பெண்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். கிறிஸ்தீன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்தார்; வழக்கின் ஒரு தரப்பு மட்டுமே இதுவரை பேசியிருக்கிறது என்று காட்டினார்.

1401ஆம் ஆண்டில் ழான் த மோந்த்ரேய் என்ற அரச செயலர் ரோஜாக் காவியத்தைப் புகழ்ந்து எழுதியதைத் தொடர்ந்து மூண்ட கடிதப்போரில், கொந்தியே கொல் என்ற மற்றோர் அரச செயலர், உணர்ச்சிவசப்பட்ட பெண்ணாக நீ இதைப் பேசுகிறாய், திமிரை விட்டுத் தவற்றை ஒப்புக்கொள் என்று அதை மறுத்த கிறிஸ்தீனுக்கு எழுதினார். இந்தக் கொல், அரசர் ஆறாம் சார்லஸின் அவையில் அப்போது அமைக்கப்பட்ட காதல் மன்றத்தின் உறுப்பினர். பெண்களை இழித்து எழுதும் உறுப்பினரின் குலச்சின்னத்தை அழிக்க வேண்டும் என்று சாசனம் வகுத்திருந்த மன்றம் அது. பெண் என்ற வகையைப் போற்றுவதாக உறுதி எடுத்த ஒருவரால், எதிரில் நின்று மறுத்துப் பேசிய ஒரு பெண்ணைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொந்தியேவின் சகோதரர் பியேர், பாட்டைப் புகழக் கேட்டு வாயிலிருந்த இரையை நழுவவிட்ட காகத்தோடு கிறிஸ்தீனை ஒப்பிட்டார். பல்கலைக்கழக வேந்தர் ழான் ஜெர்சோன் மட்டும் 1402ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் காவியத்தைக் கண்டித்து எழுதி, கிறிஸ்தீனின் பக்கம் நின்றார். திருச்சபையின் எல்லாக் குரல்களும் ஒரே திசையில் இல்லை என்பதற்காக இதையும் பதிவு செய்கிறேன்.

அதே ஆண்டு அக்டோபரில் பியேருக்கு எழுதிய நீண்ட பதிலில் கிறிஸ்தீன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ரோஜாக் காவியத்தை நற்செய்தி நூலைப்போல் நம்பும் மணமான ஒருவன், பொறாமை பொங்கும்போதெல்லாம் அதை எடுத்து மனைவிக்குப் படித்துக் காட்டுகிறான். ஒவ்வோர் இழிசொல்லுக்கும், இதைத்தான் நீ செய்கிறாய், ழான் த மேனுக்குப் பெண்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று சொல்லி, அறையவும் உதைக்கவும் செய்கிறான். அந்த விவாதத்தில் பங்கெடுத்த ஆண்கள் எல்லோரும் கவிஞனின் திறமை, பாத்திரத்தின் குரல் வேறு கவிஞனின் குரல் வேறு என்ற இலக்கிய நுட்பம் ஆகியவற்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நுட்பம் சரியானதுதான். ஆனால் அடிவாங்கிய பெண்ணை அந்த விவாதத்துக்குள் கொண்டுவந்தவர் கிறிஸ்தீன் ஒருவரே. எனக்கு அவர்மேல் உள்ள மதிப்பில் பெரும்பங்கு இந்த ஒரு பத்திக்குரியது.

'பெண்களின் நகரம்' என்ற 1405ஆம் ஆண்டு நூலில், அழுதுகொண்டிருக்கும் அவர்முன் பகுத்தறிவு, நேர்மை, நீதி என்ற மூன்று தேவியர் தோன்றுகிறார்கள். பகுத்தறிவு முதலில் கேட்பது, உனக்கு உறுதியாகத் தெரிந்ததைக் கைவிட்டு, உனக்குத் தெரியாததை மற்றவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஏன் நம்புகிறாய் என்பதுதான். பிறகு எழுத்து என்னும் வயலில் பெண்களுக்கான நகரத்துக்கு அடித்தளம் தோண்டப்படுகிறது. வரலாற்றுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கல்லாக அடுக்கப்படுகிறார்கள். மகள்களையும் பள்ளிக்கு அனுப்பி மகன்களுக்குக் கற்பிப்பதையே கற்பித்தால் அவர்களும் அதேபோல் கற்பார்கள் என்று அதில் இருக்கிறது. பெண்கள் வன்புணர்வை உள்ளூர விரும்புகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு மறுப்பு இருக்கிறது. பாரிஸில் நூல்களுக்கு ஓவியக் கரைகள் தீட்டிய அனஸ்தாசியா என்ற பெண் எவருக்கும் இளைத்தவள் அல்லள் என்ற பாராட்டும் இருக்கிறது. மகாராணிகளும் புனிதையரும் வாழும் நகரத்தில், கூலிக்கு வேலை செய்யும் ஒரு கைவினைப் பெண்ணுக்கும் இடம் கொடுத்ததில், ஆந்திரேயாஸின் குலக்கணக்கு உடைந்துபோகிறது.

நூலின் முடிவில் மனைவியருக்கு அவர் கூறும் அறிவுரை பலருக்குக் கசக்கும், எனக்கும் கசந்தது. கணவன் கொடியவனாக இருந்தாலும் பொறுத்துப்போ, முடிந்தால் நல்வழிப்படுத்து, பணிந்திருப்பதை இழிவென்று எண்ணாதே என்கிறார். அடிவாங்கிய பெண்ணைப் பற்றி எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. மணமுறிவு இல்லாத சமூகத்தில் பிழைத்திருப்பதற்கான வழியைச் சொன்னார் என்று ஒரு சமாதானம் கூறலாம். அந்தச் சமாதானம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. அவர் திருமணத்தின் சட்டத்தை மாற்றக் கேட்கவில்லை. பெண்ணைப் பற்றிய பொய்யை நிறுத்தக் கேட்டார்.

அந்தக் குரலையும் பின்வந்தவர்கள் அவரிடமே விட்டுவைக்கவில்லை. ஒரு நைட்டுக்கு ஒத்தேயா என்ற தேவி எழுதும் கடிதமாக அவர் 1400ஆம் ஆண்டளவில் இயற்றிய நூலை, அரை நூற்றாண்டுக்குள் ஸ்டீஃபன் ஸ்க்ரோப் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதைத் தொகுத்தவர்கள் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அறிஞர்கள் என்றும், சீமாட்டி கிறிஸ்தீன் அவர்களைக் கேட்டுக்கொண்டார் என்றும் முன்னுரையில் எழுதினார். பெண்கள் நுழைய முடியாத பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு பெண்ணின் நூல் சேர்க்கப்பட்டது. 'பெண்களின் நகரம்' 1521ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அதற்குப் பிறகு அந்த மொழியில் புதிய மொழிபெயர்ப்பு ஒன்று வந்தது 1982ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் அரிஸ்டாட்டில், ஜெரோம், அக்குவினாஸ் ஆகிய எல்லோருடைய நூல்களும் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டிருந்தன.